ஆனி முப்பத்திரண்டு

நாகவல்லிக்கு எதிரி என்று யாரும் கிடையாது, தேதியைத் தவிர.

காரைக்குடி கழனிவாசலில் வாடகை வீடு. சாப்பாட்டு மேசையில் பாதி குழம்புச் சட்டிக்கு, மீதி அவளுடைய லேப்டாப்புக்கு. கணவன் அருள்பாண்டி ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம், படித்த பி.எஸ்சி. கணக்கு வீணாகப் போகிறதே என்ற ஆத்திரத்தில் இணையத்தில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டாள். சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அவள் "கம்ப்யூட்டர்ல என்னமோ பாக்குறா". அந்த என்னமோவுக்குச் சம்பளம் வருகிறது என்பது அவர்களுக்கு மொய் வாங்கும்போது மட்டும் ஞாபகம் வரும்.

வேலை இதுதான். சென்னையில் ஓர் அறக்கட்டளை, செட்டிநாட்டு ஊர்களின் ஊருணிகளைத் தூர்வாரிக் கொடுக்கிறது. எந்த ஊருணிக்கு அவசரம் என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஊருக்கு ஓர் ஆள் வாரம் ஒருமுறை தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று அளந்து அனுப்புவார். அதை வாங்கி, கீழே தேதியும் பக்கவாட்டில் அடியுமாக வைத்துக் கோடு வரைந்து கொடுப்பது நாகவல்லியின் பொறுப்பு. கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை செய்யும் வேலை மாதிரித்தான் இருக்கும்.

வரைவதற்குப் பைத்தானில் ஒரு லைப்ரரி உண்டு. யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்த ஆயத்த நிரல். எண்களைக் கொடுத்தால் படம் போட்டுவிடும். வெறும் எண்ணோடு அதற்கு ஒரு சண்டையும் இல்லை. தேதியைக் கொடுத்தால்தான் புத்தி கெட்டுப்போகும். முதல்முறை கொடுத்தபோது எல்லாத் தேதியையும் 1970-க்குக் கொண்டுபோய் வைத்தது. அவளுடைய அம்மாவுக்கே கல்யாணம் ஆகாத காலத்தில் யார் போய் ஊருணியை அளந்தார்கள்? அதைச் சரிசெய்தால், தேதிகள் எல்லாம் படத்தின் அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று கறுப்புப் பட்டையாகிவிட்டன. அவற்றைச் சாய்த்து நிறுத்தினால், ஐந்தாம் தேதி ஜூனை மே மாதம் ஆறாம் தேதி என்று படித்துவைத்தது. அன்றைக்கு அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அருள்பாண்டி வாய்திறக்காமல் டீக்கடைக்குப் போய்விட்டான்.

அந்தக் கோபத்தில்தான் அவள் ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். தேதியை ஒரே கட்டத்தில் எழுதச் சொன்னால்தானே குழப்பம்? அளக்கிற எல்லோருக்கும் புது ஷீட் அனுப்பினாள். நாள் ஒரு கட்டம், மாதம் ஒரு கட்டம், வருடம் ஒரு கட்டம், அடி ஒரு கட்டம். "எல்லாத்தையும் நம்பராப் போடுங்க, எழுத்து வேணாம்" என்று போனில் ஒவ்வொருவருக்கும் சொன்னாள். இனிமேல் தன்னை எந்த லைப்ரரியும் அசைக்க முடியாது என்று அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அளக்கிறவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன் சேவுகன். அருள்பாண்டிக்கு நேர் இளையவன். கண்டரமாணிக்கத்தில் ஜெராக்ஸ் கடை. குடியிருப்பது அங்கிருந்து உள்ளே தள்ளி, அவர்களுடைய சொந்த ஊரான ஆவாரம்பட்டியில். அந்த ஊர் இன்றும் குடிப்பது ஊருணித் தண்ணீரைத்தான். ஊருணிக்குக் காவல் உண்டு; ஆடு மாடு இறங்கக் கூடாது, கால் கழுவக் கூடாது. தமிழ் மாதம் பிறந்தால் காவல் ஒரு பங்காளி வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாறும். இவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருந்தும், சேறு ஏறி ஏறி ஊருணி மேடாகி, கோடையில் வற்றிப்போகிறது. வற்றினால் பெண்கள் குடத்தோடு வண்டித் தண்ணீருக்குக் காத்துக்கிடக்க வேண்டும். தன் புகுந்த ஊருக்கு இந்த முறையாவது தூர்வாரும் யோகம் அடிக்க வேண்டும் என்று நாகவல்லி வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அவளுடைய எண்ணமெல்லாம் அதுவாகத்தான் இருந்தது.

2025 மே மாதக் கடைசியில் முடிவெடுக்கும் கூட்டம். மிஞ்சி நின்றவை இரண்டு ஊருணிகள். ஒன்று ஆவாரம்பட்டி, மற்றது கோவிலூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சிற்றூர். ஒன்றுக்குத்தான் இயந்திரம் போகும். சேவுகன் ஒரு வருடக் கணக்கை அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தான். நாகவல்லி அதைத் திறந்து லைப்ரரியிடம் கொடுத்தாள்.

எடுத்த எடுப்பிலேயே சிவப்பில் பிழை. அந்த நாள் அந்த மாதத்துக்குள் இல்லை என்றது. தேடிப் பார்த்தால் ஒரு வரிசையில் நாள் 32, மாதம் 3 என்று இருந்தது. மார்ச் முப்பத்திரண்டு. நாகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. கடையில் கூட்டம் இருக்கும்போது தட்டியிருப்பான் என்று நினைத்து, படிக்க முடியாத தேதியை விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தாள். லைப்ரரி அந்த வரிசையை ஓசைப்படாமல் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

அடுத்து, படம் டிசம்பர் 2025 வரைக்கும் நீண்டது. நடப்பது மே மாதம். இன்னும் வராத அக்டோபரில் எட்டு அடி, ஒன்பது அடி என்று தண்ணீர் நின்றது. "வருசத்தையே மாத்திப் போட்ருக்கானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அவற்றையெல்லாம் 2024 என்று திருத்தினாள். கோடு முன்னும் பின்னுமாக ஓடிச் சிக்கு விழுந்த நூலாகக் கிடந்தது. தேதி வாரியாக வரிசைப்படுத்தினாள். சிக்கு விலகி, ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் ஒழுங்கான கோடு ஒன்று வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜனவரி முதல் ஜூன் வரை தண்ணீர் அடிமட்டத்தில். ஜூலை, ஆகஸ்டில் கரை முட்ட நிறைகிறது. அடைமழைக் காலத்தில் இறங்கிக்கொண்டே போகிறது.

நாகவல்லி அதைப் பார்த்தாள். பிறகு இன்னொரு சோதனையும் செய்தாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அளக்கிறேன் என்று சேவுகன் பெருமை பேசுவான். அந்தத் தேதிகளுக்கெல்லாம் கிழமை என்ன என்று கேட்டாள். புதன், வியாழன், ஞாயிறு என்று கண்டபடி வந்தது. இவன் அளந்துதான் எழுதினானா என்ற சந்தேகம் அவளுக்கு வந்தது.

கூட்டம் திரையில் நடந்தது. அறக்கட்டளையை நடத்துகிற மீனலோசனி ஆச்சி சென்னையில் குடியேறியவர் என்றாலும் ஊரும் மழையும் தெரிந்தவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாகவல்லி, ஆகஸ்ட்ல நெறஞ்சு நவம்பர்ல எறங்குற ஊருணி நம்ம பக்கம் எங்க இருக்கு? இது அளந்ததா, எழுதுனதா?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு ஆச்சி" என்றாள் நாகவல்லி. ஆவாரம்பட்டி பட்டியலிலிருந்து போனது. கோவிலூர்ப் பக்கத்து ஊருக்கு இயந்திரம் முடிவாகியது.

அடுத்த நாள் காலையிலேயே பஸ் ஏறி, கண்டரமாணிக்கத்தில் சேவுகன் கடைக்குப் போனாள். ஆதார் நகல் எடுக்க நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று பொறுக்கும் புத்தி அவளுக்கு அன்று இல்லை.

"வாங்க மதினி. என்ன வெள்ளனவே வந்துருக்கீக?"

"உக்காந்த எடத்துலயே கணக்கு எழுதி அனுப்பிச்சவனப் பாக்க வந்தேன். உன்னால ஊருக்கு வர்ற மெசினு அங்குட்டுப் போயிருச்சு, தெரியுமா?"

சேவுகன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தான். "நான் அளக்காம எழுதுனேன்னா சொல்றீக?"

"ஆகஸ்ட்ல ஊருணி நெறஞ்சிருந்துச்சுன்னு எழுதியிருக்க. எந்த மழையில நெறஞ்சுச்சு?"

"நான் எப்ப ஆகஸ்டுன்னு எழுதுனேன்?"

"உன் ஷீட்டுல இருக்கு. என்னயக் கேக்குற?"

அவன் அந்த ஷீட்டைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கலாம். அவளும் திறந்து காட்டியிருக்கலாம். நிற்கிறவர்கள் எதிரே கொழுந்தனைப் பொய்யன் என்று சொன்ன பிறகு, இருவருக்கும் ஷீட்டைப் பார்க்கும் நிதானம் எங்கே இருக்கும்? சேவுகனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இனிமே நீங்களே வந்து அளந்துக்கங்க மதினி" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளிடம், "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?" என்று கேட்டான்.

அதோடு அளப்பது நின்றது. ஆனி பிறந்தது. சொந்த ஊரிலிருந்து வந்த அருள்பாண்டி, ஊருணியில் தரை தெரிகிறது என்றான். ஊருக்குள் வண்டித் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டதாம். "நீ அவங்கிட்டப் பேசேன்" என்றான். "அவன் பேசட்டும்" என்றாள். கோபத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் அவன் நின்று பழக்கமில்லாதவன், டீக்கடைக்குப் போய்விட்டான்.

ஜூலை மாதம் பாதி ஆனது. ஒரு புதன்கிழமை காலை, மகளுக்கு டிபன் கட்டிக்கொண்டே நாகவல்லி சமையலறைச் சுவரிலிருந்த தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தாள். வருடம் முழுக்கத் தினம் கிழிக்கிற தாள்தான். அடியிலிருந்த தாளில் இங்கிலீஷ் தேதி பெரிதாக, 16. அதற்குப் பக்கத்தில் சின்னதாக, ஆனி 32.

கிழித்த தாள் கையிலேயே இருந்தது. முப்பத்திரண்டு. மூன்றாம் மாதம். சித்திரை, வைகாசி, ஆனி.

"அம்மா, மூடி போடு" என்றாள் மகள்.

மகள் போனதும் அவள் அந்தப் பழைய ஷீட்டைத் திறந்தாள். வேலை ஒன்றும் பெரிதில்லை. போன வருடக் காலண்டரையும் இந்த வருடக் காலண்டரையும் பார்த்து ஒவ்வொரு தமிழ் மாதமும் எந்த இங்கிலீஷ் தேதியில் பிறந்தது என்று எழுதி, அதிலிருந்து நாளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திருத்தி வைத்த வருடங்களையெல்லாம் மறுபடி சேவுகன் போட்டபடியே மாற்றினாள். லைப்ரரி தூக்கிப் போட்ட முப்பத்திரண்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். முதலில் கிழமையைக் கேட்டாள்.

செவ்வாய். செவ்வாய். செவ்வாய். ஒன்று தப்பாமல் கடைசி வரிசை வரைக்கும் செவ்வாய்.

படம் வந்தது. சித்திரையில் இறங்கி, ஆனி ஆடியில் தரை தொட்டு, ஐப்பசி மழையில் விறுவிறுவென்று ஏறி, மார்கழியில் நிறைந்து நின்றது. அந்தப் பக்கத்து ஊருணி எதுவும் இப்படித்தான் இருக்கும். நாகவல்லி கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள். தை மாதத்தில் ஒரு செவ்வாய் அவளுக்குத் தெரிந்த நாள். மாமனாருக்குக் கருமாதி நடந்த நாள். அன்று எல்லோரும் உட்கார்ந்திருக்க, சேவுகன் மட்டும் முழங்கால் வரை ஈர வேட்டியோடு தாமதமாக வந்து நின்றான். "பெத்த அப்பனுக்குக்கூட நேரத்துக்கு வரமாட்டியா?" என்று எல்லோர் எதிரிலும் அவள்தான் கேட்டாள். அந்த நாளுக்குக் கணக்கு இருந்தது. பத்தே கால் அடி.

அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். லைப்ரரியின்மேல் கோபம், தன்மேல் கோபம், அப்புறம் அவன்மேலும் கோபம்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ஆச்சிக்குப் புதுப் படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அங்குட்டு வேலை ஆரம்பிச்சாச்சு, நாகவல்லி. பாதி மண்ணு அள்ளியாச்சு. அடுத்த கோடைக்குப் பாப்போம். ஆனா ஒருதடவ சந்தேகம்னு பேசிப்புட்டோம்ல, கூட்டத்துல ரெண்டு கோடைக் கணக்கு விடாம இருக்கான்னு கேப்பாக. போன கோடை இருக்கு. இந்தக் கோடையும் இருக்குல்ல?"

"பாத்து அனுப்புறேன் ஆச்சி" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் அருள்பாண்டியும் ஆவாரம்பட்டி போனார்கள். சேவுகன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னோடது, சேவுகா. நீ தமிழ் மாசம் போட்ருக்க. நான் இங்கிலீஷ் மாசமாப் படிச்சுப்புட்டேன்."

"ஊருணிக்குப் பின்ன எந்த மாசம் போடுவாக?" என்றான் அவன், துணியைப் பிழிந்துகொண்டே. "தமிழ் வருசத்துக்கு மட்டும் நம்பரு இல்ல, பேருதான். குரோதின்னு எப்புடி நம்பராப் போடுறது? அதுக்குத்தான் இங்கிலீஷ் வருசத்தப் போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மதினி?"

இருவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. சாப்பிடச் சொன்னான், சாப்பிட்டார்கள். அளப்பதைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆடி 6. தண்ணி இல்ல. சேறு.

ஷீட்டில் பூஜ்யம் என்று போட்டுப் படத்தை வரைந்தாள். லைப்ரரிக்கு வருத்தமோ வெட்கமோ கிடையாது. சண்டைக்கு முன் வைகாசியில் அவன் கடைசியாக அளந்து அனுப்பியிருந்த மூன்றடியிலிருந்து ஆடியின் பூஜ்யத்துக்கு நேராக ஒரு கோட்டை இழுத்துவிட்டது. நடுவில் சண்டை நடந்ததும், அளவு நின்றுபோனதும், குடங்கள் வரிசையில் நின்றதும் அந்தக் கோட்டில் இல்லை. ஊருணி எந்த வாரம் வற்றியது என்று ஊரார் வாயால் சொல்லலாம்; அளந்த கணக்காகக் காட்ட இனிமேல் யாராலும் முடியாது. தூர்வாரும் அவசரத்தை முடிவுசெய்ய ஆச்சியின் கூட்டம் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

அந்த லைப்ரரிக் கூட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. விட்டுப்போன நாட்களுக்கு எண்களைத் தானே கணித்து நிரப்பிக்கொள்ளும். ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். நாகவல்லி எழுதிப் பார்த்தாள். இரண்டே முக்கால், இரண்டரை, இரண்டு என்று எல்லாச் செவ்வாயும் நிரம்பின. கொஞ்சம்கூடச் சந்தேகம் வராத எண்கள். அனுப்பினால் ஆச்சிக்குத் தெரியப்போவதில்லை. அடுத்த கோடைக்கு இயந்திரம் வந்து நிற்கும். ஊருக்கு நல்லதுதானே என்று தனக்கே இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டாள். நல்லதுதான். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிய கணக்கு. அவன் செய்யாததை, அவன் செய்தான் என்று நாலு பேர் எதிரில் சொன்னதை, இப்போது அவள் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வார்த்தையை அழித்தாள். கோட்டை அந்த இடத்தில் வெட்டி விட்டாள். கீழே ஒரு வரி எழுதினாள்: இந்த வாரங்களில் அளக்கப்படவில்லை, காரணம் நாகவல்லி. அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

ஆச்சி மறுநாள் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இந்தக் கோடையைக் கணக்கில் எடுக்க முடியாது, அடுத்ததையும் அதற்கடுத்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். தூர்வாருவது அதற்குப் பிறகுதான்.

சாயந்தரம் சேவுகனுக்குப் போன் போட்டு அதைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப இன்னும் ரெண்டு கோடைக்குக் கொடந்தான்" என்றான்.

"ஆமா."

"நடுவுல விட்டத நீங்க நெரப்பி அனுப்பியிருக்கலாமே மதினி. கம்ப்யூட்டர்ல அதெல்லாம் முடியும்ல?"

"முடியும். நெரப்பியும் பாத்தேன். நான் உன்னயச் சொன்னேன்ல, அது எனக்கே பொருந்திரும்னு அழிச்சுப்புட்டேன்."

மிஷின் நின்றது.

"அடுத்த செவ்வாக்கெழம வாரீகளா?" என்றான் பிறகு. "நடுவுல எங்கிட்டாச்சும் தண்ணி நிக்குதான்னு பாக்கணும். சேத்துக்குள்ள எறங்குனா காலு உள்ள போயிருது. அளக்குற கம்பப் பிடிக்க ஒரு ஆளு வேணும்."

வருகிறேன் என்றாள். போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். வருகிற செவ்வாய், ஆடி பதிமூன்று. ஷீட்டைத் திறந்து, தேதிக் கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அந்தத் தமிழ்த் தேதியை எழுத்தாலேயே எழுதி வைத்தாள்.